காணாமல் போன 0.92 கிராம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் தங்கை என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. அவளுடைய நலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போது அதிகாரம் கிடையாது. நான் நலம். இடுப்பு வலி வழக்கம்போல இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து உங்களுக்குப் பதினோரு முறை போன் செய்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியை எனக்கு முன்பே உங்களைக் கூப்பிட்டு நடந்ததைத் தன் பாணியில் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் பாணியில் கேட்டிருந்தால் நானும் போனை எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, திருத்த வேண்டிய நூற்றுப் பத்து விடைத்தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் மெஷினை நாளைக் காலை பார்சல் சர்வீசில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியைத் திறக்காமல் இருக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு நீங்கள் கொடுத்த எலக்ட்ரானிக் தராசில் பழுது இருக்கிறது. எடை அளவுத் துறைக்குப் போக வேண்டிய புகார்ப் படிவத்தைத் தலைமையாசிரியை என் கையில் கொடுத்திருக்கிறார். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் நான் அதில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் தராசு விற்று முத்திரை போட்டுக் கொடுக்க உங்களுக்கு இருக்கிற உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். உரிமம் இல்லையென்றால் கடை இல்லை. உங்கள் அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் தங்கை பேசாமலேயே ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எனவே என் வேண்டுகோள், பெட்டி கிடைத்ததும் 'பழுதைக் கண்டு நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி எழுதி வேறு மெஷின் அனுப்பிவிடுங்கள். நான் கையெழுத்துப் போடாமல் தப்பிக்க இதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் நீங்களே அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கண்ணாடி மூடியைத் துடைத்து, மட்டம் பார்த்து, எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது பழசு மாதிரி இல்ல. ரொம்ப நுணுக்கமா பாக்கும். பிள்ளைங்க முன்னாடி காட்டறதுக்கு முந்தி ஒரு தடவை நீங்க செஞ்சு பாத்துக்குங்க" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். பத்தொன்பது வருஷமாகத் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய சோதனைக்கு ஒத்திகை பார்க்கச் சொல்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒத்திகை பார்க்காததற்கு நான் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் கிளம்பிய பத்தாவது நிமிடம் தலைமையாசிரியை அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டார். ஆய்வகத்தில் தூசியாம். மூன்று வாரம் அது அவர் மேஜையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் துண்டை விலக்கிக் காட்டுவார். தன் மூக்குக் கண்ணாடியை எடை போட்டார், பேனாவை எடை போட்டார், எழுதி முடித்த பேனாவை எடை போட்டு எவ்வளவு மை செலவாகியிருக்கிறது என்று எழுத்தரிடம் சொன்னார். நான் ஒரு தடவை உள்ளே போய் மெஷினைக் கேட்டபோது, "என்ன சார், கல்வி அதிகாரி வரும்போது புதுசா இருக்க வேண்டாமா?" என்றார். மெஷின் புதுசாக இருந்தது. பழசாக இருந்தது நான்தான்.

கல்வி அதிகாரி செவ்வாய்க்கிழமை வருகிறார், எட்டாம் வகுப்பில் அறிவியல் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், புது மெஷினைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று திங்கள்கிழமை மதியம் எனக்குச் சொல்லப்பட்டது. சுற்று வட்டாரத்தில் இன்னும் பதினொரு பள்ளிகளுக்கு மெஷின் வாங்குவதாகப் பேச்சு, அதிகாரிக்குப் பிடித்திருந்தால் உங்கள் கடைக்கே ஆர்டர் என்றும் சொன்னார்கள். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது மச்சான். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்கு நான் உபயோகமாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தையாவது யாராவது சொல்லச் சொன்னால் சொல்ல முடியாது. இதாவது ஆகட்டும் என்று நினைத்தேன். ஒரு தடவையும் தவறாமல் கைகொடுத்த சோதனையையே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சோதனை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு குடுவையில் கொஞ்சம் வினிகர். ஒரு பலூனுக்குள் சிறு கரண்டிச் சமையல் சோடா. பலூனின் வாயைக் குடுவையின் வாயில் மாட்டி, சோடா உள்ளே விழாமல் பலூனைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். பிறகு பலூனைத் தூக்கிப் பிடித்தால் சோடா வினிகரில் கொட்டி, நுரைத்து, வாயு கிளம்பி, பலூன் உப்பும். மறுபடி எடை பார்த்தால் முன்பு இருந்த அதே எடை. எதுவும் வெளியே போகவில்லை, எதுவும் உள்ளே வரவில்லை, உள்ளே இருந்தது வேறு வேஷம் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் பொருண்மை அழியா விதி. நம் பழைய இரண்டு தட்டுத் தராசில் இதை நான் பத்தொன்பது வருஷம் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் முள் அசைந்ததில்லை. ஒரு நாளும் அது என்னைத் தலைகுனிய வைத்ததில்லை.

பலூன் வாங்கப் போனதிலிருந்தே சகுனம் சரியில்லை. முதல் கடையில் பலூன் இல்லை, இரண்டாவது கடையில் நீளப் பலூன்தான் இருந்தது, மூன்றாவது கடைக்காரர், "எத்தனையாவது பொறந்த நாள் சார்?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒரு பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தால் எல்லாப் பலூனிலும் பிறந்தநாள் வாழ்த்து அச்சடித்திருக்கிறது. திரும்பப் போய் மாற்ற இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சுருங்கிக் கிடக்கும்போது எழுத்து தெரியாது, உப்பிய பிறகு யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். கல்வி அதிகாரியும் படித்தார். அவருக்கு அன்று நிஜமாகவே பிறந்த நாள் என்பதும், இதைத் தனக்காக ஏற்பாடு செய்ததாக அவர் நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நெகிழ்ந்துபோனார் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம்தான் அன்று எனக்குக் கிடைத்த நல்ல நேரம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை. தலைமையாசிரியையே மெஷினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். கல்வி அதிகாரி முன் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு ஜலதோஷம். மெஷினைப் போட்டதும் எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடின. மின்விசிறிக் காற்று என்று கண்டுபிடித்து விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். பிறகும் ஆடியது. ஜன்னலைச் சாத்தினோம். கதவைச் சாத்தினோம். உள்ளே வெந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வியர்த்து ஊற்றுகிறது, அதிகாரி தும்முகிறார், அவர் தும்மும்போதெல்லாம் எண் துள்ளிக் குதித்துவிட்டுத் திரும்பி வருகிறது. தலைமையாசிரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வழியாக 214.36 என்று நின்றது. நான் கரும்பலகையில் 'முன்: 214.36 கிராம்' என்று எழுதினேன். எழுதிய கையோடு, அதற்குக் கீழேயே 'பின்: 214.36 கிராம்' என்றும் எழுதிவிட்டேன். பழக்க தோஷம் மச்சான். பத்தொன்பது வருஷமாக இரண்டு வரியையும் சேர்த்தே எழுதிய கை. பின்னால் நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே எழுதிவிட்டோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பலூனைத் தூக்கினேன். நுரைத்தது, உப்பியது, பிறந்தநாள் வாழ்த்து விரிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள், அதிகாரி நெகிழ்ந்தார். குடுவையைத் திரும்ப மெஷினில் வைத்தேன். கரும்பலகையைப் பார்த்தபடியே, "ஆக, எடை மாறவில்லை என்பதைக் கண்டோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். முதல் பெஞ்சில் ஒரு பெண். அவளுக்கு 'ஆனா' என்று ஆசிரியர் அறையில் பெயர், எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பாள். அவள் மெஷினை எட்டிப் பார்த்து, "ஆனா சார், இருநூத்திப் பதிமூணு புள்ளி நாலு நாலு" என்றாள். 213.44. நான் எண்ணைப் பார்த்தேன், கரும்பலகையைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். 0.92 கிராம் காணோம். நாற்பத்திரண்டு பேரும் கணக்குப் போட்டு ஒரே குரலில் சொன்னார்கள். என் பாடத்தில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு விடை சொல்லி நான் கேட்டதே இல்லை.

கணக்கு வாத்தியார் தன் பாடவேளையைக் கொடுத்த உரிமையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். உதவி செய்வதாக எண்ணி, "புள்ளிக்கு அப்புறம் வர்றதை விட்டுடுங்க சார், முழுசா எடுத்துக்குங்க" என்றார். முழுசாக எடுத்தால் ஒன்று 214, இன்னொன்று 213. 0.92 கிராமாகக் காணாமல் போனது அவர் தயவில் ஒரு முழுக் கிராமாகக் காணாமல் போனது. வாயு கசிகிறது, வேறொன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டுப் புதுப் பலூன், புது வினிகர் எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை எடை பார்த்த பிறகு பலூனின் கழுத்தைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டினேன், அரைச் சுருள் போயிற்று. சோடாவைக் கொட்டி எடை பார்த்தால் 0.6 கிராம் கூடியிருக்கிறது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பொருளை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று சொல்ல வந்தவன், கால் மணி நேரத்தில் ஒரு தடவை அழித்து ஒரு தடவை ஆக்கியும் காட்டிவிட்டேன். டேப்பின் எடையைச் சேர்த்துவிட்டோம் என்று 'ஆனா'தான் சொன்னாள். மூன்றாம் தடவை டேப் வேண்டாம், மெழுகால் அடைக்கலாம் என்று மெழுகுவர்த்தியைச் சாய்த்தேன். பலூன் வெடித்தது. வினிகர் அதிகாரியின் கோப்பில் தெறித்தது. அவர் தும்மலை நிறுத்திவிட்டார், அந்தப் பயத்தில் ஜலதோஷமே போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான்காம் தடவை, ஐந்தாம் தடவை, நூல் கட்டினேன், ரப்பர் பட்டை போட்டேன், எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து எடை பார்த்தேன். 0.90. 0.93. என்ன செய்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு போகிறது. ஒருவர் பொறுமையாக வந்து அளந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அப்போது கல்வி அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, "அந்தக் கிராம் எங்க சார் போச்சு?" என்று கேட்டார்.

மச்சான், எனக்கு ஐம்பத்து மூன்று வயது. விசிறி இல்லாத அறை. இடுப்பு வலி. நாற்பத்திரண்டு முகம். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "மெஷின் சரியில்ல சார். எங்க மச்சான் கடையில வாங்கினது" என்றேன். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் தங்கை நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, அடுத்த அறையில்தான் இருந்தாள், நடுவில் இருப்பது ஒரு மரத் தடுப்பு.

அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார். தலைமையாசிரியை துண்டை எடுத்து மெஷின் மேல் போட்டார், பெருமைக்காகப் போர்த்திய அதே துண்டு. பதினொரு பள்ளி ஆர்டரை நிறுத்தி வைக்கும்படி அங்கேயே போன் போனது. மதியம் புகார்ப் படிவம் என் கைக்கு வந்தது. பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதன்கிழமை சிறு தேர்வு வைத்தேன். பொருண்மை அழியா விதியை எழுதுக என்ற கேள்விக்கு ஏழு பேர், 'பொருளை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, 0.92 கிராம் வரை அழிக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அரை மதிப்பெண் கொடுத்தேன். தப்பென்று முழுக்க அடிக்க மனசு வரவில்லை, கண்ணால் பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலே, தன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு, எதுவும் குறையுதான்னு பாருங்கப்பா என்கிறார். வியாழக்கிழமை யாருடைய பேனா தொலைந்தாலும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். உங்கள் தங்கை சண்டை போட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், முப்பது வருஷப் பழக்கம். இந்தத் தடவை சண்டையே இல்லை. சாப்பாடு நேரத்துக்கு மேஜைக்கு வருகிறது, மூடியைத் திறந்து வைக்கும் சத்தத்தை வைத்து அன்றைய நிலவரத்தை நான் தெரிந்துகொள்கிறேன். அவசியமான தகவல்களை வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து சொல்கிறாள், மகள் எனக்குப் போன் செய்து, "அப்பா, தண்ணி தொட்டி நிரம்பிடுச்சாம், மோட்டாரை நிறுத்துவீங்களாம்" என்கிறாள். நேற்றைக்கு ஒரு தடவை மட்டும் என் எதிரில் நின்றாள். பேசப்போகிறாள் என்று பேனாவைக் கீழே வைத்தேன். படிவத்தைப் பார்த்தாள், அதில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று பார்த்தாள், போய்விட்டாள்.

நான் உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை மச்சான். அப்படி எண்ணியும் இல்லை. ஆனால் மெஷின் என்றால் பழுது வரும், அதைச் சொன்னால் சொன்னவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஐந்து தடவை செய்து, அதில் ஒழுங்காகச் செய்த மூன்று தடவையும் குறைகிறது என்றால் ஒன்று மெஷின் தப்பு, இல்லை உலகத்தில் எல்லோரும் படிக்கிற விதி தப்பு. விதியின் மேல் புகார் கொடுக்கப் படிவம் இல்லை. அனுசரித்து அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள். நமக்குள் மனஸ்தாபம் வேண்டாம். நான் மிகவும் களைத்துப்போய் இருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், சின்னவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்து, நோய் நொடி இல்லாமல், ஆசிரியர் வேலைக்கு மட்டும் வராமல் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் தங்கையும் விசாரித்ததாக எழுத வேண்டிய இடம் இது. அவள் விசாரிக்கவில்லை, நேராகவே உங்களுக்குப் போன் செய்துகொள்வாள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டலாம் என்று பார்த்தால் வீட்டில் டேப் இல்லை, எல்லாம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். பெட்டி பிரித்துக் கிடக்கிறது. மெஷின் சமையலறை மேடையில் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் அப்பா கொடுத்த பித்தளை எடைக்கற்களின் பெட்டி திறந்திருக்கிறது. ஐந்து நாளுக்குப் பிறகு உங்கள் தங்கை என்னோடு பேசினாள். "கதவைச் சாத்துங்க, காத்து வருது" என்றாள்.

எடைக்காரர் வீட்டில் பிறந்தவள் என்பதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன். நூறு கிராம் கல்லுக்கு மெஷின் நூறு காட்டுகிறது, இருநூறுக்கு இருநூறு காட்டுகிறது, இரண்டையும் சேர்த்து வைத்தாலும் சரியாகக் காட்டுகிறது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை வைத்து எழுதி வைத்திருந்தாள். "இப்ப நீங்க உங்க வேலையைச் செய்யுங்க" என்றாள். செய்தேன். 0.89 குறைந்தது. அவள் கனமான பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, பலூன் இல்லாமல் இதில் செய்யச் சொன்னாள். கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகைச் சோடாவைத் தாளில் மடித்துப் போட்டு மூடியை இறுக்கினோம். உள்ளே நுரைத்து அடங்கியது, பாட்டில் கல் போல இறுகியது. முன்பும் பின்பும் எடையில் கடைசி இலக்கம்கூட மாறவில்லை. அப்படியானால் பலூனில் ஓட்டை என்றேன். அவள் உப்பிய பலூனின் கழுத்தைத் தையல் நூலால் இறுக்கிக் கட்டி, குடுவையிலிருந்து கழற்றி, சைக்கிள் ட்யூபுக்குப் பார்ப்பது போல வாளித் தண்ணீரில் அமுக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டை இல்ல. ஆனா உள்ள போக மாட்டேங்குது, கையைத் தள்ளுது" என்றாள்.

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். தண்ணீர் தள்ளுகிறது என்றால் காற்றும் தள்ளும். லேசானது, அதனால் லேசாகத் தள்ளும். பலூன் சுருங்கிக் கிடந்தபோது அதற்கு இடம் தேவைப்படவில்லை. உப்பியதும் முக்கால் லிட்டர் காற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது, சுற்றி இருந்த காற்று அதைக் கீழிருந்து தாங்கியது. முக்கால் லிட்டர் காற்றின் எடை சுமார் 0.9 கிராம். தட்டில் அவ்வளவு பாரம்தான் குறைந்தது. குடுவைக்குள் இருந்த பொருள் ஒரு துளியும் குறையவில்லை. இந்தத் தள்ளுவிசை அதே புத்தகத்தில் அடுத்த மாதம் நான் நடத்த வேண்டிய பாடம். அதையும் பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன். பழைய தராசுக்கு இரண்டு கிராமுக்குக் குறைந்தது எதுவும் கண்ணில் படாது, அதனால் இரண்டு பாடமும் ஒன்றை ஒன்று பார்க்காமலேயே என் கையில் பிழைத்துவிட்டன. உங்கள் மெஷின் இருப்பதைப் பார்த்துச் சொன்னது. சொன்னதற்காக அதை நான் பழுது என்றேன், உங்கள் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம் என்று எடுத்தேன். உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். "கிழிக்காதீங்க. நீங்க அண்ணனை என்ன நினைச்சீங்கன்னு அண்ணனுக்குத் தெரியட்டும். அப்புறம் இதையும் எழுதுங்க" என்றாள். எனவே இரண்டும் வருகின்றன, மெஷின் வரவில்லை. நாளை முதல் பாடவேளையில் எட்டாம் வகுப்பில் இதைச் செய்து காட்டப்போகிறேன். 'ஆனா'விடம் நானே முதலில் சொல்லிவிடுவேன், அவள் கேட்பதற்குள். அந்த ஏழு பேருக்கும் மீதி அரை மதிப்பெண் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

புகார்ப் படிவத்தையும் பூர்த்தி செய்துவிட்டேன். பழுதின் விவரம் என்ற இடத்தில், 'தராசில் பழுது இல்லை. பயன்படுத்திய ஆசிரியர் தவறாகச் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்வி அதிகாரிக்கும் ஒரு நகல் போகிறது. சாட்சிக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. உங்கள் தங்கை ஓரத்தில் கோடு போட்டு இடம் உண்டாக்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.